பூசும் மருந்தும் வெயிலும்: தோலில் வரும் ஒளி எதிர்வினையைச் சோதிக்கும் முழு வழி

வலிக்குத் தடவும் கீட்டோபுரோஃபேன் ஜெல்லை முழங்காலில் தடவிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே காலோடு வெயிலில் போனால், சிலருக்குத் தடவிய இடம் சிவந்து, அரித்து, கொப்புளம் கட்டி நீர் வடியும். தடவுவதை நிறுத்திச் சில நாள் கழித்து வெயில் பட்டாலும் வரும். 2010-இல் ஐரோப்பிய மருந்து முகமை இந்த ஜெல்லை ஆராய்ந்தது. தீமையைவிட நன்மையே அதிகம், விற்பனையில் இருக்கலாம் என்று முடிவு செய்தது. கூடவே, மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, தடவும் நாட்களிலும் நிறுத்திய பின் இரண்டு வாரமும் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது என்றும் சொன்னது.

இப்படி ஒரு குணம் இருப்பதை, களிம்பு கடைக்கு வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மருந்தியல் படிப்பவர்கள், களிம்பு தயாரிப்பில் வேலை செய்பவர்கள், தோல் மருத்துவம் பயில்பவர்கள் ஆகியோருக்காக அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். படிகள் பலவானாலும் உள்ளே இருக்கும் யோசனை ஒன்றுதான். ஒரே பொருளை இரண்டு பங்காக வையுங்கள். ஒன்றுக்கு வெளிச்சம் காட்டுங்கள், மற்றதை இருட்டில் வையுங்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருட்டு ஜோடி இல்லாத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

எதைத் தேடுகிறோம்?

ஒளி எதிர்வினை இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்தச் சோதனையை எப்போது செய்வது என்பதே குழம்பிவிடும்.

முதலாவது ஒளிநச்சு. மருந்தின் மூலக்கூறு ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலால் செல்லை நேரடியாகக் காயப்படுத்துகிறது. உடலின் எதிர்ப்புச் சக்திக்கு இதில் வேலை இல்லை. போதுமான மருந்தும் போதுமான ஒளியும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம், முதல் முறை தடவும்போதே வரலாம். நமக்குத் தெரிந்த உதாரணம் கார்போகரிசி. வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் பயன்படும் இந்த விதையில் சோராலென் இருக்கிறது. சோராலெனையும் யுவிஏ என்ற நீண்ட அலைப் புற ஊதாக் கதிரையும் சேர்த்துக் கொடுப்பது நவீனத் தோல் மருத்துவத்திலும் ஒரு சிகிச்சைதான். அளவு மீறினால் அதே சேர்க்கை தோலைப் பொசுக்கிவிடும். சோராலென் காயம் உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது ஒளி ஒவ்வாமை. இங்கே ஒளி மருந்தை மாற்றி, தோலின் புரதத்தோடு ஒட்டவைக்கிறது. அந்தப் புதிய உருவத்தை உடல் அந்நியனாகப் பதிவு செய்துகொள்கிறது. முதல் முறை ஒன்றும் தெரியாது. பழகிய பிறகு மிகக் குறைந்த அளவு மருந்தும் கொஞ்சம் ஒளியும் போதும், எக்ஸிமா போல வெடிக்கும். சிலருக்கு மட்டும்தான் வரும். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில், கிருமி கொல்ல சோப்பில் சேர்த்த டெட்ராகுளோரோ சாலிசிலனிலைடு என்ற பொருளால் பலருக்கு இப்படித் தோல் பாதித்தது. கழுவிவிடும் சோப்பிலேயே இந்த நிலை என்றால், தோலிலேயே தங்கும் களிம்பை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்!

இன்று உலகின் பெரும்பாலான மருந்து நிறுவனங்கள் பின்பற்றுவது மருந்து விதிகளைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்கும் ஐசிஎச் அமைப்பின், 2013 நவம்பரில் முடிவான எஸ்10 வழிகாட்டி. செய்முறை விவரங்கள் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின், எண்ணிட்ட சோதனை வழிகாட்டிகளில் இருக்கின்றன. புரதம், பெப்டைடு வகை மருந்துகளுக்கு எஸ்10 பொருந்தாது.

படி 1: ஒளியை உறிஞ்சுகிறதா?

உறிஞ்சப்படாத ஒளி எந்த வேதி மாற்றத்தையும் செய்யாது. அதனால் முதல் கேள்வி மருந்தைப் பற்றியது: 290 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியில் எதையாவது இது உறிஞ்சுகிறதா? 290-க்குக் கீழுள்ள கதிர் தரைக்கு வருவதில்லை, அதனால் அது நமக்குத் தேவையில்லை.

மருந்தை மெத்தனாலில் கரைத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வையுங்கள். கிடைத்த உறிஞ்சலைச் செறிவாலும் கரைசலைக் கடக்கும் ஒளிப்பாதையின் நீளத்தாலும் வகுத்தால் மோலார் உறிஞ்சல் குணகம் வரும். உதாரணத்துக்கு, 50 மைக்ரோமோலார் கரைசல், ஒரு சென்டிமீட்டர் குவளை, 320 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.12 என்று வைத்துக்கொள்வோம். 0.12-ஐ 0.00005-ஆல் வகுத்தால் 2400. எல்லைக்கோடு 1000. வரம்பு முழுவதிலும் 1000-க்கு மேல் போகவே இல்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம், மேலே எந்தச் சோதனையும் வேண்டாம். நம் உதாரணத்தில் 2400 வந்ததால் அடுத்த படிக்குப் போகிறோம்.

அமிலமாகவோ காரமாகவோ அயனியாகக்கூடிய மருந்தென்றால், பிஎச் 7.4 உள்ள கரைசலிலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். அயனியானதும் உறிஞ்சும் இடம் நகரக்கூடும். இன்னொன்று: களிம்பில் மருந்து மட்டும் இருப்பதில்லை. புதிதாக ஏதாவது துணைப்பொருள் சேர்த்திருந்தால் அதற்கும் இதே அளவீடு வேண்டும்.

படி 2: வீரியமான ஆக்சிஜன் பிறக்கிறதா?

உறிஞ்சிய ஆற்றலை மூலக்கூறு வெப்பமாக விட்டுவிட்டால் பயமில்லை. ஆக்சிஜனுக்குக் கொடுத்தால்தான் ஆபத்து. 2019-இல் வந்த ஓஇசிடி 495 இதைத்தான் அளக்கிறது. 200 மைக்ரோமோலார் மருந்துக் கரைசலுக்குச் செயற்கைச் சூரிய ஒளி காட்டி, சிங்லெட் ஆக்சிஜன், சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வகை இரண்டும் எவ்வளவு பிறந்தன என்று நிறமாற்றத்தால் பார்ப்பார்கள். சிங்லெட் ஆக்சிஜனுக்கு 25, சூப்பர் ஆக்சைடுக்கு 70. இந்த இரண்டு எல்லைகளில் எதைத் தொட்டாலும் அது ஒளியோடு வினைபுரியும் பொருள்தான். சிங்லெட் 25-க்குக் கீழே, சூப்பர் ஆக்சைடு 20-க்குக் கீழே என்றால் வினை இல்லை. இடையில் விழுந்தால் பலவீனமான வினை. தெரிந்த ஒப்பீட்டுக்குக் குயினைனைக் கூடவே ஓட்டுவார்கள். செல்லே இல்லாத சோதனை இது, வேகமாக முடிந்துவிடும். ஆனால் தனிப் பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும், களிம்பை இதில் போட முடியாது.

படி 3: 3டி3 செல் சோதனை

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் சோதனை இதுதான். 2004-இல் ஓஇசிடி 432 என்று வந்து 2019-இல் திருத்தப்பட்டது. எலியின் பால்ப்/சி 3டி3 ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களை வைத்துச் செய்வது. மொத்தம் மூன்று நாள் வேலை.

முதல் நாள், 96 குழித் தட்டுகள் இரண்டில், குழிக்குப் பத்தாயிரம் செல் வீதம் விதைத்துவிட்டு இன்குபேட்டரில் வையுங்கள். இரண்டும் ஒரே கூட்டத்திலிருந்து எடுத்த செல்லாக இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மருந்தை எட்டுச் செறிவுகளில், இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி ஊற்றுங்கள். மருந்துக்கென்று அதற்கு மேல் போக வேண்டாம் என்று எஸ்10 சொல்லும் உச்சம் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஒரு மணி நேரம் இருட்டில் ஊறட்டும். பிறகு ஒரு தட்டை விளக்கின் கீழ் வையுங்கள், மற்றதை அதே வெப்பநிலையில், அதே நேரம், இருட்டுப் பெட்டியில் வையுங்கள். தேவையான அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் யுவிஏ. விளக்கின் வீச்சு சதுர சென்டிமீட்டருக்கு 1.7 மில்லிவாட் என்றால் ஏறக்குறைய 50 நிமிடம் பிடிக்கும். அந்த வீச்சைத் தட்டின் மூடிக்குக் கீழே மீட்டரை வைத்து அளக்க வேண்டும். மூடியே கொஞ்சம் ஒளியை விழுங்கும். விளக்கிலிருந்து வரும் யுவிபி என்ற குறுகிய அலைப் புற ஊதாக் கதிரையும் வடிகட்டி வைத்துக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மருந்தே இல்லாமல் செல்கள் இறக்கும், நீங்கள் மருந்தின் மேல் பழி போடுவீர்கள்.

மூன்றாம் நாள் நியூட்ரல் ரெட் சாயம். உயிரோடிருக்கும் செல் இதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், செத்த செல்லால் முடியாது. கழுவிவிட்டு, உள்ளே போன சாயத்தைப் பிரித்தெடுத்து 540 நானோமீட்டரில் படியுங்கள்.

கருவியில் வைக்கும் முன் ஒரு நிமிடம் இரண்டு தட்டையும் வெள்ளைத் தாளின் மேல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பீட்டு மருந்தான குளோர்புரோமசின் ஊற்றிய வரிசைகள் தெளிவாகப் பேசும். இருட்டுத் தட்டில் மாதுளம்பழ நிறம் பல குழிகள் தாண்டி நீளும், கடைசியில் அதிகச் செறிவில் மட்டும் வெளுக்கும். வெளிச்சத் தட்டில் அதே வரிசை ஆரம்பத்திலேயே வெளுத்துத் தண்ணீர் போல இருக்கும். அந்த இரண்டு வரிசைகளின் இடைவெளிதான் ஒளிநச்சு. அதை எண்ணாக்குவது அடுத்த வேலை.

பாதிச் செல் சாக எவ்வளவு மருந்து வேண்டும் என்பது ஐசி50. இருட்டு ஐசி50-ஐ வெளிச்ச ஐசி50-ஆல் வகுத்தால் வருவது ஒளி எரிச்சல் காரணி. இருட்டில் 60, வெளிச்சத்தில் 4 என்றால் 15. இரண்டுக்குக் கீழே வந்தால் ஒளிநச்சு இல்லை. இரண்டிலிருந்து ஐந்து வரை சந்தேகம். ஐந்துக்கு மேல் ஒளிநச்சு. குளோர்புரோமசினுக்கு 6-க்கு மேல் வரவில்லை என்றால் அன்றைய சோதனையையே தள்ளுபடி செய்யுங்கள்.

இருட்டில் மருந்து செல்லைக் கொல்லவே இல்லை என்றால் அந்த வகுத்தலில் மேலே வைக்க ஒரு எண் கிடைக்காது. அப்போது இரண்டு வளைகோடுகளையும் முழுதாக ஒப்பிடும் சராசரி ஒளி விளைவு என்ற கணக்கைப் பயன்படுத்துங்கள். அதில் 0.1-க்குக் கீழே வந்தால் ஒளிநச்சு இல்லை, 0.15-க்கு மேல் வந்தால் உண்டு. நான் எப்போதும் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்ப்பேன்.

இருட்டுத் தட்டின் விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் இருட்டுத் தட்டை ஃபாயில் சுற்றாமல் ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஜன்னல் கண்ணாடி யுவிபியை நிறுத்தும், யுவிஏவின் பெரும்பகுதியை விட்டுவிடும். இருட்டில் இருக்க வேண்டிய செல்களும் சேர்ந்து செத்தன. இரண்டு தட்டுக்கும் இடைவெளி சுருங்கியது. ஒளிநச்சு மருந்து ஒன்று நல்ல பிள்ளை போலத் தெரிந்தது. குளோர்புரோமசின் வரிசையும் விழுந்திருந்ததால்தான் பிழை பிடிபட்டது. அன்றிலிருந்து எடை போடுவது முதல் சாயம் எடுப்பது வரை ஃபாயிலும் மஞ்சள் விளக்கும்தான்.

இந்தச் சோதனையின் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். இது மிகவும் கூர்மையானது. இல்லை என்று சொன்னால் நிம்மதியாக நம்பலாம். உண்டு என்று சொன்னால், மனிதருக்கும் வரும் என்று அர்த்தமில்லை, மேலே பார் என்று மட்டுமே அர்த்தம். ஒரு அடுக்குச் செல்லின் மேல் மருந்தை நேராக ஊற்றுகிறோம். நிஜத் தோலுக்கு மேலே கொம்புப் படலம் என்ற காவல் இருக்கிறது.

படி 4: ட்யூபில் இருப்பதையே தடவிப் பார்ப்பது

மாத்திரைக்கும் களிம்புக்கும் வித்தியாசம் இங்கேதான். களிம்பில் மருந்தைத் தோலுக்குள் தள்ளுவது அதன் அடிப்பொருள். ஒரே மருந்து, வாஸ்லின் போன்ற அடியில் மேலேயே நின்றுவிடலாம், புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த ஜெல்லில் ஆழமாகப் போகலாம். ஆகவே தனி மருந்தின் முடிவை மட்டும் வைத்துக் களிம்புக்குச் சான்று கொடுக்காதீர்கள்.

ஆய்வகத்தில் மனிதத் தோல் செல்லை வளர்த்து, மேலே கொம்புப் படலம் வரை உருவாக்கிய தோல் மாதிரிகள் கிடைக்கின்றன. 2021-இல் வந்த ஓஇசிடி 498 இவற்றுக்கானது. மாதிரியின் மேல் பொருளைத் தடவி ஓர் இரவு விடுங்கள். ஒரு தொகுதிக்கு சதுர சென்டிமீட்டருக்கு 6 ஜூல் யுவிஏ, இன்னொன்றுக்கு இருட்டு. அடுத்த நாள் எம்டிடி சாயம்: உயிருள்ள திசு மஞ்சளை ஊதாவாக்கும். இருட்டு ஜோடியைவிட வெளிச்ச மாதிரியின் உயிர்ப்பு 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் ஒளிநச்சு.

களிம்பென்றால் மருந்தில்லாத அடிப்பொருளையும் தனியாக, வெளிச்சத்திலும் இருட்டிலும், ஓட்டுங்கள். துத்தநாக ஆக்சைடு போல வெண்மையாக மறைக்கும் பொருள் இருந்தால் அதுவே குடையாக நின்று ஒளியைத் தடுக்கும். அப்படிப்பட்ட களிம்பு சோதனையில் தேறும், ஆனால் பயனாளி துடைத்துவிட்டு வெயிலில் போவார், உள்ளே போன மருந்து அங்கேயே இருக்கும். ஒளி காட்டும் முன் மேல் படிவைத் துடைத்துவிட்டும் ஒரு தொகுதி செய்து பாருங்கள். இந்த மாதிரிகளின் கூர்மை 3டி3-ஐவிடக் குறைவு. அதனால் செறிவையும் நேரத்தையும் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள்.

கினிப்பன்றி பற்றி ஒரு வார்த்தை

இந்திய விதிகளில், புது மருந்துகளுக்கான பழைய விதித்தொகுப்பான ஷெட்யூல் ஒய் காலத்திலிருந்தே ஒரு விலங்குச் சோதனை இருக்கிறது. ஒளிக்கூச்சம் தரும் பொருளோடு உறவுள்ள மருந்து, அல்லது வெண்புள்ளிக்கான மருந்து போன்றவற்றுக்கு அது பொருந்தும். பத்துக் கினிப்பன்றி சோதனைக்கு, ஐந்து ஒப்பீட்டுக்கு. மருந்து வைத்த இரண்டு மணி நேர ஒட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10 ஜூல் ஒளி, பழக்கும் காலத்தில் ஆறு முறை, பிறகு தொடக்கத்திலிருந்து எண்ணினால் 20 முதல் 24-ஆம் நாளுக்குள் ஒரு இறுதிப் பரீட்சை. ஆனால் எஸ்10, ஒளி ஒவ்வாமையை விலங்கில் சோதிப்பதைப் பரிந்துரைக்கவில்லை, ஏனென்றால் அதன் முடிவு மனிதருக்குப் பொருந்துமா என்பது தெளிவில்லை. என் கருத்தும் அதுதான். விதி கேட்டால் செய்தாக வேண்டும். பதில் மனிதத் தோலில்தான் கிடைக்கும்.

படி 5: மனிதத் தோலில் ஒளிநச்சு

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பங்கேற்பவரின் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் இந்தப் படி கிடையாது. டாக்சிசைக்ளின் போன்ற ஒளிக்கூச்ச மருந்து சாப்பிடுபவர்கள், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வேண்டாம்.

முதலில் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சச் சிவப்பு அளவைக் கண்டுபிடியுங்கள். முதுகில் சிறு சதுரங்களில் படிப்படியாகக் கூட்டி ஒளி காட்டி, மறுநாள் எந்தச் சதுரம் மெல்லச் சிவந்திருக்கிறது என்று பாருங்கள். அதுதான் அவருடைய அளவு.

பிறகு முதுகில் இடம் பிரியுங்கள்: மருந்துக் களிம்பும் ஒளியும், மருந்துக் களிம்பும் இருட்டும், வெறும் அடிப்பொருளும் ஒளியும், எதுவும் தடவாத இடமும் ஒளியும். எந்தக் களிம்பு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், முடிவைப் பார்த்துக் குறிப்பவருக்கு அது தெரியக்கூடாது. ஒட்டுப்போட்டு 24 மணி நேரம் வைத்து, எடுத்து, துடைத்து, யுவிஏவும் சிவப்பு அளவுக்குக் குறைவான யுவிபியும் காட்டுங்கள். உடனே ஒரு முறை, 24, 48, 72 மணி நேரத்தில் ஒவ்வொரு முறை பாருங்கள். சோராலெனைப் பற்றி மேலே சொன்னேனே, 72-ஆவது மணியை விட்டுவிட்டால் அதைத் தவறவிடுவீர்கள்.

நம் மண்ணில் இதைச் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தொடங்கிவைத்த, இன்று ஆறு வகை கொண்ட தோல் வகைப் பிரிவில், இத்தகைய சோதனைகளுக்குப் பெரும்பாலும் முதல் மூன்று வகை வெளிர்தோல்காரர்களையே சேர்ப்பார்கள், சிவப்பு எளிதில் தெரியும் என்பதால். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறு. மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் எதிர்வினை சிவப்பாக வராமல் கருஞ்சிவப்பாகவோ வெறும் தடிப்பாகவோ வரும், காயம் ஆறிய பிறகு கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். சூடு, தடிப்பு, சொரசொரப்பு கையில் படும். ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் படம் எடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை அழைத்துக் கருமை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். திட்டத்தில் அந்த வருகை இல்லை என்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நம் மக்கள் மருத்துவரிடம் வந்து வருத்தப்படுவது இந்தக் கருமைக்காகத்தான்.

படி 6: ஒளி ஒவ்வாமை

இதற்குத் தோல் ஆய்வாளர்களான கைட்பேயும் கிளிக்மனும் 1980-இல் வெளியிட்ட முறைதான் அடிப்படை. பழக்கும் கட்டம் மூன்று வாரம். வாரத்துக்கு இரண்டு முறை, மொத்தம் ஆறு முறை, அதே இடத்தில் 24 மணி நேர ஒட்டு, எடுத்ததும் சிவப்பு அளவைத் தாண்டிய ஒளி. பிறகு சுமார் இரண்டு வாரம் ஓய்வு, உடல் நினைவை உருவாக்கிக்கொள்ள வேண்டிய காலம் இது. கடைசியில் இதுவரை தொடாத புது இடத்தில் ஒட்டு, யுவிஏ மட்டும், பக்கத்திலேயே இருட்டு ஜோடி, 72 மணி நேரம் வரை பார்வை. எஸ்10 கணக்குப்படி, தேவைப்பட்டால் இதைப் பொதுவாக விற்பனைக்கு முன் நோயாளிகளிடம் செய்யும் மூன்றாம் கட்ட ஆய்வின்போது, சந்தைக்கு வரப்போகும் அதே களிம்பை வைத்துச் செய்ய வேண்டும். இடையில் வாசனைப்பொருளையோ பாதுகாப்புப் பொருளையோ மாற்றினால் பழைய முடிவு செல்லாது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மஸ்க் அம்ப்ரெட் என்ற வாசனைப்பொருளே பேர்போன ஒளி ஒவ்வாமைக்காரன்.

வளரும் விதத்தைக் கவனியுங்கள். ஒளிநச்சு பொதுவாகச் சீக்கிரம் எரிந்து, தடவிய எல்லைக்குள்ளேயே நின்று, தணியும். ஒவ்வாமை 24-ஐவிட 48-இலும் 72-இலும் கூடும், அரிக்கும், பொரிப்பொரியாகக் கட்டி எல்லை தாண்டிப் பரவும்.

களிம்பு கடைக்கு வந்த பிறகு: ஒளி ஒட்டுச் சோதனை

ஐம்பது பேரிடம் செய்த சோதனையில், ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒவ்வாமை சிக்காமல் போகலாம். ஆகவே கடைசிப் படி நோயாளியின் முதுகில்தான். சந்தேகப்படும் பொருட்களை இரண்டு ஒரே மாதிரி வரிசையாக ஒட்டி, 24 அல்லது 48 மணி நேரம் கழித்து எடுத்து, ஒரு வரிசைக்கு மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் யுவிஏ காட்டுங்கள். மற்ற வரிசையை ஒளி புகாமல் மூடுங்கள். ஒளி பட்ட இடம் மட்டும் தடித்தால் ஒளி ஒவ்வாமை. இரண்டும் ஒரே அளவு தடித்தால் வெயிலுக்குச் சம்பந்தமில்லை, சாதாரணத் தொடுகை ஒவ்வாமை. இரண்டும் தடித்து ஒளிப்பக்கம் தெளிவாக அதிகம் என்றால் இரண்டும் இருக்கிறது.

2012-இல் வெளியான ஐரோப்பியக் கூட்டு ஆய்வில் 12 நாடுகளின் 30 மையங்களில் 1031 பேருக்கு இப்படிச் செய்தார்கள். 200 பேருக்கு ஒளி ஒவ்வாமை உறுதியானது. முன்னால் நின்றவை கீட்டோபுரோஃபேனும் எட்டோஃபெனமேட்டும், இரண்டுமே வலிக்குத் தடவுபவை. கீட்டோபுரோஃபேன் உறுதியானால் ஆக்டோகிரைலீனையும் ஒட்டிப் பாருங்கள். அது சன்ஸ்கிரீன்களில் வருவது, கீட்டோபுரோஃபேன் ஒவ்வாமை உள்ள பலருக்கு அதுவும் சேர்ந்தே தடிக்கும். வெயிலுக்குப் பாதுகாப்பாகப் பூசிக்கொள்ளுங்கள் என்று நாம் எழுதித் தரும் க்ரீமிலேயே அது இருக்கக்கூடும்.

நோயாளி வரும்போது வீட்டில் தடவிய எல்லா ட்யூபையும், பாதி தீர்ந்ததையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். சன்ஸ்கிரீன், வலி ஜெல், குளியல் பொடி எல்லாம். அவற்றிலிருந்தே எடுத்து ஒட்டுங்கள், இரண்டு வரிசையிலும்.